அங்கே ஏழு ஆண்டுகள், இங்கே கைவிரிப்பு: கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கைபேசி விற்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களில் ஒரு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், வாங்கி மூன்று ஆண்டுகள்கூட ஆகாத ஒரு மாடலுக்கு இனி டிஸ்ப்ளே வராது என்று என் வாடிக்கையாளர் ஒருவரிடம் அண்மையில் கைவிரித்தது. காரணம் கேட்டதற்கு, அந்த மாடல் நின்றுவிட்டது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்பதே பதில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எங்கள் பகுதி மக்கள் பழகிப்போய்விட்டார்கள். பாகம் கிடைக்காதது அவர்களுக்கு மழை வராதது போல யாரையும் குறை சொல்ல முடியாத ஒன்றாகிவிட்டது. என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே முடியாது என்று நீங்கள் சொல்லும் அதே வேலையை வேறோர் இடத்தில் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூன் 20 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு அதன் முக்கியமான உதிரி பாகங்களை நீங்கள் அங்கே கொடுத்தாக வேண்டும். கேட்ட பாகம் 5 முதல் 10 வேலை நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். எந்தப் பாகம் அதிகபட்சம் என்ன விலை என்பதை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர் உங்கள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாதவராக இருந்தாலும், பாகத்தைப் பொருத்திய பின் அதை இயங்கவைக்கத் தேவையான மென்பொருளை அவருக்கு மறுக்கக் கூடாது. பேட்டரி 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைத்திருக்க வேண்டும். இவை போதாதென்று, கைபேசியைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதை ஆங்கில எழுத்துகளில் ‘ஏ’ (A) முதல் ‘இ’ (E) வரை தரம் பிரித்து, வாங்குபவர் கண்ணில் படும்படி லேபிளில் அச்சிட வேண்டும்.

இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டுதான் அங்கே விற்கிறீர்கள். உங்களில் பெரிய நிறுவனங்கள் எதுவும் இந்த விதிகளைக் காரணம் காட்டி அந்தச் சந்தையை விட்டு வெளியேறிவிடவில்லை. பல மாடல்கள் அங்கும் இங்கும் ஒன்றே. பெயரில் ஓர் எழுத்தோ எண்ணோ மாறும், உள்ளே இருக்கும் போர்டும் பேட்டரியும் கேமராவும் மாறுவதில்லை. அப்படியிருக்க, ஒரே கைபேசியின் திரைக்கு அங்கே ஏழாண்டு உத்தரவாதமும் இங்கே மூன்றாண்டுக்குள் ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலும் எப்படிப் பொருந்தும் என்பதே இந்த மடலின் கேள்வி.

சார்ஜர் விஷயத்தில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். எல்லாக் கைபேசிக்கும் யூ.எஸ்.பி. டைப்-சி என்பது 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பாவில் கட்டாயமானது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15, உலகம் முழுவதற்கும் டைப்-சி வாயோடுதான் வந்தது. அங்கே போட்ட சட்டத்தின் பயன் வண்ணாரப்பேட்டை வரை வந்து சேர்ந்தது, ஏனென்றால் ஒரே தொழிற்சாலையில் இருவிதமான வாய் வைத்துச் செய்வது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. உதிரி பாகம் அப்படியல்ல. அதை அனுப்புவதும் அனுப்பாமல் இருப்பதும் முழுக்க உங்கள் விருப்பம். விருப்பத்துக்கு விடப்பட்ட இடத்தில் நீங்கள் எங்களுக்கு அனுப்பாமல் இருப்பதையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

தூரத்தைக் காரணமாகச் சொல்லவும் வழியில்லை. இந்தியாவில் பயன்படும் கைபேசிகளில் 99 சதவீதத்துக்கு மேல் இந்தியாவிலேயே செய்யப்படுகின்றன என்று மத்திய அரசு பெருமையோடு அறிவித்திருக்கிறது. எங்கள் கடையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்ரீபெரும்புதூர், 2006 இல் நோக்கியா ஆலை தொடங்கிய காலத்திலிருந்து கைபேசி ஊராக இருந்து வருகிறது; 2014 இல் அந்த ஆலை மூடப்பட்டு எத்தனையோ குடும்பங்கள் தவித்த பிறகும், இன்று உலகச் சந்தைக்கான ஐபோன்கள் அங்கிருந்து போகின்றன. 2020 இல் தொடங்கிய உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தின் பணம் இந்நாட்டு மக்களின் வரிப்பணம். 2024 ஜனவரியில் கைபேசி பாகங்கள் பலவற்றின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் உங்களுக்காகத்தான். கைபேசி வாங்கும் நாங்களோ 2020 ஏப்ரல் முதல் 12 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டி வருகிறோம். எங்கள் மாநிலத்தில் ஒரு கைபேசி முழுதாகச் செய்யப்பட்டு ஏற்றுமதி ஆகிறது. அதே கைபேசியின் சார்ஜிங் போர்டு மட்டும் எங்களுக்குக் கிடைக்காது என்றால், அதை நம்பும்படி யார் சொல்ல முடியும்?

என் கடைக்கு வருகிறவர்கள் யார் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விளம்பரங்களில் அவர்களை நான் பார்த்ததில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் பெண்கள் வருகிறார்கள், க்யூ.ஆர். அட்டைக்கு வந்த பணம் ஏறியதா என்று பார்க்க அவர்களுக்குக் கைபேசி வேண்டும். மணலியில் ஒப்பந்த வேலை செய்பவர்கள் வருகிறார்கள். உணவும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கைபேசி ஒரு நாள் கிடையாது என்றால் அன்றைய கூலி கிடையாது. ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பாடத்துக்காக மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகளிலிருந்து அவர்களுடைய ஆயா வருவார். சிலிண்டர் பதிவு செய்தால் வரும் ஓ.டி.பி., ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, மகளிர் உரிமைத்தொகை கணக்கில் ஏறிய செய்தி எல்லாம் அந்த ஒரு கருவியில்தான். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கைபேசியை மாதத் தவணையில் வாங்குகிறவர்கள் இவர்கள். தவணை முடிந்து சில மாதங்களுக்குள் திரை உடைந்தால், இன்னொன்று வாங்குவது அவர்களுக்கு இன்னொரு கடன்.

எங்கள் பகுதியின் காற்றில் உப்பு உண்டு. கடலோரத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்களின் கைபேசியில் முதலில் போவது சார்ஜ் வாய். அதன் பின்னால் இருக்கும் சப் போர்டு பச்சை பூத்துப்போகும். வேலையாகச் சொன்னால் இது மிகச் சின்ன வேலை. மூடியைச் சூடு காட்டித் திறந்து, பழைய போர்டைக் கழற்றி, புதியதை வைத்து, பசை போட்டு மூட அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த மாடலின் அசல் சப் போர்டை நீங்கள் எங்களைப் போன்ற கடைகளுக்கு விற்பதில்லை. அங்கீகரித்த மையத்துக்குப் போனாலோ, சப் போர்டை மட்டும் மாற்ற மாட்டோம், மெயின் போர்டோடு சேர்த்துத்தான் மாற்றுவோம் என்று கைபேசியின் விலையில் பாதிக்கு மேல் கணக்குச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, அசலைப் போலவே வேறு யாரோ செய்த காப்பி பாகம். இன்னொன்று, பர்மா பஜாரிலும் மற்ற இடங்களிலும் கிடைக்கும், போர்டு செத்துப்போன அதே மாடல் செட்டை வாங்கி அதிலிருந்து பாகத்தை எடுப்பது.

காப்பி பாகம் என்றால் என்ன என்பதை உங்கள் பொறியாளர்கள் அறிவார்கள், உங்கள் விற்பனைப் பிரிவு அறிந்திருக்குமா என்று தெரியவில்லை. அசலில் ஓ.எல்.இ.டி. திரை இருந்த கைபேசிக்கு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காம்போ (டிஸ்ப்ளேயும் தொடுதிரையும் சேர்ந்த தொகுதி) பெரும்பாலும் எல்.சி.டி. வகை. திரைக்கு அடியில் விரல்ரேகை படிக்கும் ஒளி உணரி, அந்தத் திரை வழியாக வெளிச்சம் ஊடுருவினால்தான் வேலை செய்யும்; எல்.சி.டி. காப்பியில் அது வேலை செய்யாது. அதனால் திரை மாற்றிய மறுநாளே, விரல் வைத்தால் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர் திரும்பி வருகிறார். திரை தடிப்பாக இருப்பதால் கைபேசியின் விளிம்புச் சட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கிறது, பேட்டரியை அதிகம் குடிக்கிறது. காப்பி பேட்டரி இதைவிட மோசம். மேலே அச்சிட்ட கொள்ளளவும் உள்ளே இருக்கும் கொள்ளளவும் ஒன்றாக இருப்பதில்லை. சில மாதங்களில் உப்பிக்கொண்டு பின்மூடியைத் தள்ளுகிறது. உப்பிய பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். வெளிக்கடைகளில் பழுது பார்ப்பது ஆபத்து என்று நீங்கள் எச்சரிக்கிறீர்கள். அசல் பேட்டரியை எனக்கு விற்றிருந்தால் அந்த ஆபத்து பிறந்தே இருக்காது.

இரண்டாவது வழியை நீங்கள் மென்பொருளால் அடைத்து வருகிறீர்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துவது. போர்டு செத்த ஒரு கைபேசியிலிருந்து எடுத்த திரை, உங்கள் ஆலையில் செய்த திரை, அதே மாடலின் திரை. அதை இன்னொன்றில் பொருத்தினால் ‘இது அசல் பாகம் அல்ல’ என்ற எச்சரிக்கை வருகிறது, அல்லது சில வசதிகள் இயங்காமல் போகின்றன. பாகத்தின் வரிசை எண்ணைக் கைபேசியின் போர்டோடு இணைத்துப் பூட்டிவிடுவதால் வரும் வினை இது. அசல் பாகம் விற்க மாட்டேன், காப்பி போட்டால் ஆபத்து, பழைய அசலைப் போட்டால் பூட்டு என்றால், பழுது பார்க்கவே கூடாது என்பதுதான் உங்கள் நிலைப்பாடு என்று எங்களுக்குப் புரிகிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2024 இல் இயற்றிய சட்டம், 2025 ஜனவரி 1 முதல் செய்யப்படும் கருவிகளில் இப்படிப் பாகங்களைப் பூட்டுவதைத் தடை செய்கிறது. ஆப்பிள் நிறுவனமும் அதே 2024 இல், பயன்படுத்திய அசல் பாகங்களை இன்னொரு ஐபோனில் பொருத்தி, சரியாக இயங்கும்படி அளவமைத்துக்கொள்ள வழி திறந்தது. ஆகவே இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை.

திருட்டுக் கைபேசிகளின் பாகங்கள் சந்தைக்கு வருவதைத் தடுக்கவே பூட்டு என்று சொல்கிறீர்கள். திருட்டைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது; கைபேசி பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். திருடுபோன கைபேசியை, ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய ஐ.எம்.இ.ஐ. அடையாள எண் வழியே முடக்கும் சி.இ.ஐ.ஆர். என்ற அரசு வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. அப்படி முடக்கப்பட்ட கைபேசியின் பாகங்களை மட்டும் பூட்டுங்கள், வரவேற்பேன். எல்லாப் பாகத்தையும் திருட்டுப் பொருளாகவும், எல்லாக் கடைக்காரரையும் திருட்டுக்கு உடந்தையாகவும் எண்ணிப் பூட்டுவது நேர்மையாகத் தொழில் செய்பவர்களை அவமதிப்பது. கைபேசி பழுது பார்க்கும் தொழிலை நாட்டின் ஐ.டி.ஐ.க்களில் ஒரு பாடப்பிரிவாகவே வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். அரசு சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு பேட்டரியை விற்க மறுக்கிறீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து நாட்கணக்கில் நின்றது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. மின்சாரம் திரும்பியதும் எங்கள் கடை முன்பு நனைந்த கைபேசிகளோடு மக்கள் நின்றார்கள். நிவாரணச் செய்தியும், உறவினர் அழைப்பும், வங்கிப் பணமும் அதற்குள்தான் இருந்தன. போர்டைக் கழற்றி, திரவத்தில் கழுவி, அல்ட்ராசோனிக் தொட்டியில் இட்டு, உலர்த்தி, ஷார்ட் இருக்கும் இடத்தைத் தேடி, முடிந்ததையெல்லாம் உயிர்ப்பித்தோம். போர்டு பிழைத்தும் தூக்கி வைக்க வேண்டியிருந்த கைபேசிகள் பல. பேட்டரியோ, சப் போர்டோ, ஒரு சின்ன ஃபிளெக்ஸ் பட்டையோ கிடைக்காததுதான் காரணம். அந்த நாட்களில் அங்கீகரித்த மையங்களில் சொல்லப்பட்ட பதில், தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி கிடையாது என்பது. வாரண்டியை யாரும் கேட்கவில்லை, காசுக்குப் பாகம் கேட்டோம்.

அதே காலகட்டத்தில்தான் பச்சைக்கோடு பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. கீழே விழாத, அடிபடாத ஓ.எல்.இ.டி. திரைகளில், மென்பொருள் புதுப்பித்த மறுநாள் நெட்டுக்குப் பச்சைக்கோடு விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு பலர் வந்தார்கள். உங்களில் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தருவதாக அறிவித்தன. அது சரியான செயல், பாராட்டுகிறேன். ஆனால் அந்த அறிவிப்பை நம்பிப் போன என் வாடிக்கையாளர்கள் சிலருக்குத் திரை இருப்பில் இல்லை என்று சொல்லி, புதிய கைபேசிக்கான தள்ளுபடியைக் கொடுத்தார்கள். உங்கள் பிழை என்று நீங்களே ஏற்றுக்கொண்ட இடத்திலும் பாகம் இல்லாததால் மக்கள் பணம் கட்டிப் புதியது வாங்க நேர்ந்தது.

மலிவான மாடல்களுக்கு ஏழாண்டு பாகம் சேர்த்து வைப்பது கட்டுப்படியாகாது என்பீர்கள். பழுது பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு: நீங்கள் ஓராண்டில் வெவ்வேறு பெயர்களில் இறக்கும் மாடல்கள் பலவற்றுக்கும் பேட்டரி ஒன்றுதான், காம்போ ஒன்றுதான். எந்தக் காம்போ எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற பட்டியலை, நீங்கள் வெளியிடாததால், நாங்களே கழற்றிப் பார்த்து எழுதி எங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறோம். அந்தப் பட்டியலை நீங்களே வெளியிட்டால் ஒரு பாகத்தைச் சேர்த்து வைத்து நான்கு மாடலுக்கு வழங்கலாம். குறைந்த விலைக் கைபேசியைப் பழுது பார்க்க எளிதாகச் செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. எச்.எம்.டி. நிறுவனம் 2023 இல் கொண்டுவந்த நோக்கியா ஜி22, பிரிட்டனில் சுமார் 150 பவுண்டு விலையில், திரையையும் பேட்டரியையும் சார்ஜ் வாயையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது.

மென்பொருள் புதுப்பிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 இல் கூகுள் பிக்சல் 8 க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24 க்கும் ஏழாண்டு புதுப்பிப்பு அறிவித்தன. இவை என் வாடிக்கையாளர்கள் வாங்கும் விலையில் கிடைப்பவை அல்ல. ஆனால் அதே சாம்சங், இருபதாயிரத்துக்குள் கிடைத்த கேலக்ஸி ஏ16 5ஜி க்கு ஆறாண்டு உறுதி தந்தபோது, விலை குறைவு என்பது காரணமாகாது என்பது தெளிவாகிவிட்டது. போக்குவரத்து அபராதம் என்றும் திருமண அழைப்பிதழ் என்றும் வரும் ஏ.பி.கே. கோப்பை (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அழுத்திப் பணத்தை இழந்தவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைபேசியில் வங்கிச் செயலியை வைத்துக்கொண்டிருப்பவர்கள், பெட்டியில் ஒரு தேதி அச்சிட்டிருந்தால் அதையாவது தெரிந்து வாங்கியிருப்பார்கள்.

இந்த மடலை இப்போது எழுத இன்னொரு காரணம் விலை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இன் இறுதியிலிருந்து அவற்றின் விலை ஏறி, கைபேசிகளின் விலையும் கூடியிருக்கிறது. சில்லு செய்யும் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூசியல் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதியது வாங்குவது முன்னைவிடக் கடினமாகியிருக்கும் இந்த நேரத்தில், கையில் இருக்கும் கைபேசியை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டுவதற்கு வழிசெய்வது, நீங்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. அதற்குத் தேவையான நினைவகம் ஏற்கெனவே அந்தப் பழைய போர்டில் இருக்கிறது.

தூக்கிப் போட்ட கைபேசி எங்கே போகிறது என்பதும் எங்கள் பகுதிக்குத்தான் தெரியும். 340 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேடு எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகரத்தின் பாதிக் குப்பையை எங்கள் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். வயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களும், போர்டை உடைத்து விற்பவர்களும் எங்கள் மனிதர்கள், கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்கிறவர்கள். 2022 இல் உலகம் முழுவதும் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி நீங்கள் மறுசுழற்சிக் கணக்குக் காட்டுகிறீர்கள். ஒரு பேட்டரி மாற்றினால் இன்னும் மூன்றாண்டு ஓடியிருக்கும் கைபேசியை அரைத்துக் கணக்குக் காட்டுவதைவிட, அந்தப் பேட்டரியைக் கொடுப்பது செலவு குறைந்த வழி, எங்கள் காற்றுக்கும் நல்லது.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளம் தொடங்கியது. ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் பழுதுபார்க்கும் தகுதிக் குறியீடு பற்றி ஆராய்ந்த இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. அந்த இணையதளத்தில் உங்களில் பலர் சேவை மைய முகவரிகளைப் பதிந்திருக்கிறீர்கள். முகவரி எங்களுக்கு முன்பே தெரியும், அங்கே போனால் பாகம் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. அரசு எதை எப்போது கட்டாயமாக்கும் என்பதை அரசிடம் கேட்டுக்கொள்கிறோம். இந்த மடல் உங்களுக்கு. ஏனென்றால் நான் கேட்பதைச் செய்ய உங்களுக்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் தேவையில்லை.

ஐரோப்பாவில் ஒரு மாடலுக்கு எத்தனை ஆண்டுகள் பாகம் தர ஒப்புக்கொண்டிருக்கிறீர்களோ, அதே ஆண்டுகளுக்கு இந்தியாவிலும் தருவதாக எழுத்தில் அறிவியுங்கள். அங்கே விற்காத, இந்தியாவுக்கென்றே செய்யும் மலிவான மாடல்களுக்கும் இது பொருந்த வேண்டும். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது அவைதான். ஏழாண்டுகள் முடியாது என்றால் எத்தனை முடியும் என்று சொல்லுங்கள், ஆனால் சொன்னதைப் பெட்டியின் மேல் தேதியாக அச்சிடுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதம் வரை வரும் என்பதையும் அதன் பக்கத்திலேயே, தமிழிலும் அச்சிடுங்கள்.

பேட்டரி, திரை, சார்ஜிங் போர்டு, பின்மூடி, கேமரா ஆகியவற்றை ஜி.எஸ்.டி. எண்ணோ தொழில் உரிமமோ ஐ.டி.ஐ. சான்றிதழோ உள்ள எந்தக் கடைக்காரருக்கும் ரசீதோடு விற்பனை செய்யுங்கள். அவற்றின் விலைப்பட்டியலையும், எந்தப் பாகம் எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற பட்டியலையும் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். சென்னையில் உங்கள் கிடங்குகள் இருக்கின்றன. வடசென்னையில் ஒரே ஓர் இடத்தில், மண்ணடியிலோ தண்டையார்பேட்டையிலோ, பாகம் விற்கும் முகப்பு திறந்தால்கூடப் போதும், திருவொற்றியூர் வரை உள்ள கடைக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வோம்.

பயன்படுத்திய அசல் பாகத்தைப் பொருத்தினால் வரும் பூட்டை நீக்குங்கள். திருட்டு என்று பதிவான கைபேசியின் பாகத்துக்கு மட்டும் அது இருக்கட்டும். பாகத்தை அளவமைக்கும் மென்பொருளை எங்களுக்கும் கொடுங்கள், அதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் பயிற்சி கொடுங்கள், தேர்வு வைத்தாலும் எழுதுகிறோம்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வருகிற தீபாவளி விற்பனை தொடங்குவதற்கு முன் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறிவிப்பை அச்செடுத்து என் கடை முகப்பில் ஒட்டுவேன். புதிய கைபேசி எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
கைபேசி பழுது பார்ப்பவர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை